குண்டுத் துளையா, ஆணித் தலையா? வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஒரு வாசகர், 1963ல சுட்டுக் கொன்னாங்களே அந்த அமெரிக்க ஜனாதிபதி கென்னடி, அவரோட கொலையப் பத்திக் கேட்டிருந்தார். "சுட்டது ஆஸ்வால்ட்தான்னு நெனைக்கிறேன், ஆனா அரசாங்கம் அந்த விசாரணைய நடத்துன விதத்த நம்பல"ன்னு ரெண்டே வரில பதில் போட்டிருந்தேன். அது பத்தலன்னு நெறைய பேர் எழுதியிருக்கீங்க, சில பேர் கோவமாவே எழுதியிருக்கீங்க. அதனால இந்தத் தடவை மொத்தப் பக்கமும் அமெரிக்காவுல நடந்த அரசியல் கொலைகளுக்கே.

கேள்வி: அரசாங்கம் சொல்றத நம்பாதவங்களுக்கு எல்லாம் சதிப் பைத்தியம்னு பேர் வச்சிடுறாங்க. நீங்களும் அந்தப் பக்கம் போயிட்டீங்களா சார்? கோர்ட் தீர்ப்பே வந்த கேஸ்ல சந்தேகப்பட என்ன இருக்கு?

பதில்: கோர்ட் தீர்ப்பு வந்த கேஸ்லயே ஆரம்பிக்கிறேன். மால்கம் எக்ஸ், கருப்பின மக்கள் உரிமைக்காகப் போராடுன தலைவர். 1965 பிப்ரவரி 21, நியூயார்க்ல ஆடுபான் பால்ரூம்னு ஒரு ஹால். அவர் மேடையில பேச ஆரம்பிச்ச உடனே கூட்டத்துக்கு நடுவுல ஒரு சலசலப்பு, எல்லாரும் அங்க திரும்பிப் பாக்குற நேரத்துல முன்னால ஓடி வந்து சுட்டுட்டாங்க. அவருக்கு வயசு 39, மனைவியும் பிள்ளைங்களும் அதே ஹால்லதான் உக்காந்திருந்தாங்க. ஒருத்தன அங்கயே ஜனங்க புடிச்சு அடிச்சாங்க, அவன் பேர் ஹேயர். அடுத்த சில நாள்ல இன்னும் ரெண்டு பேர போலீஸ் வீட்டுல போய்த் தூக்குச்சு, அவங்கதான் பின்னாடி முகமது அஜீஸ், கலீல் இஸ்லாம்னு பேர் வச்சுக்கிட்டவங்க.

1966ல விசாரணை. கூண்டுல ஏறி ஹேயர் என்ன சொன்னார் தெரியுமா, நான் சுட்டேன், ஆனா இந்த ரெண்டு பேருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லன்னு சொன்னார். அஜீஸுக்கு அப்ப கால்ல ரத்த நாளம் வீங்கி, அன்னிக்குக் காலையிலதான் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்து வீட்டுல கால நீட்டிப் படுத்திருந்தார், டாக்டரே வந்து சாட்சி சொன்னார். ஜூரி எதையும் ஏத்துக்கல, மூணு பேருக்கும் ஆயுள் தண்டனை. ஹேயர் 1970கள் கடைசியில மறுபடியும் எழுதிக் கொடுத்தார், கூட வந்த நாலு பேர் யாருன்னு சேத்தே சொன்னார், கேஸத் திரும்பத் தொறக்க மாட்டோம்னு கோர்ட் சொல்லிடுச்சு. ரெண்டு பேரும் ஆளுக்கு இருவது வருஷத்துக்கு மேல உள்ள இருந்துட்டு 1980கள்ல பரோல்ல வெளிய வந்தாங்க, அதுவும் கொலகாரன்ங்கற பேரோட. இஸ்லாம் 2009ல செத்தே போனார்.

2021 நவம்பர்ல மன்ஹாட்டன் அரசு வக்கீலே கோர்ட்டுல வந்து நின்னு இந்தத் தண்டனை தப்புன்னு சொன்னார். மத்திய அரசோட புலனாய்வு அமைப்பு எஃப்பிஐ கிட்டயும் நியூயார்க் போலீஸ் கிட்டயும் இவங்களுக்குச் சாதகமான பேப்பர் அந்தக் காலத்துலயே இருந்திருக்கு, அத வக்கீலுங்க கண்ணுல காட்டல. ஹாலுக்குள்ள மாறுவேஷத்துல போலீஸ்காரங்க இருந்ததையும் சொல்லல, குண்டு பாஞ்சு கீழ கெடந்த மால்கமுக்கு வாயோட வாய் வச்சு மூச்சு கொடுத்த பாதுகாவலரே போலீஸ் அனுப்புன ஆளுதான். அஜீஸுக்கு அப்ப வயசு 83. நான் நிரபராதின்னு எனக்குச் சொல்ல கோர்ட்டும் வேணாம், வக்கீலும் வேணாம், ஒரு துண்டுப் பேப்பரும் வேணாம்னு அந்தப் பெரியவர் சொன்னார். அடுத்த வருஷம் நகரமும் மாநிலமும் சேந்து 36 மில்லியன் டாலர் நஷ்டஈடு கொடுத்தாங்க.

1966ல இருந்து 2021 வரைக்கும் 55 வருஷம், இந்தத் தீர்ப்பு தப்புன்னு சொன்னவங்களயும் அந்தப் பைத்தியம்ங்கற கணக்குலதான் வச்சிருந்தாங்க. அதனால கேள்வி கேக்குறவங்களப் பாத்து அந்த வார்த்தையச் சொல்ல எனக்கு நாக்கு வராது. ஆனா ஒண்ணு கவனிங்க, இந்தக் கேஸ உடைச்சது யாரோட ஊகமும் இல்ல, எஃப்பிஐயோட சொந்த ஃபைல்தான்.

கேள்வி: "சதிக் கோட்பாடு"ங்கற வார்த்தையையே சிஐஏதான் 1967ல கண்டுபிடிச்சதுன்னு ஒரு வீடியோவுல பாத்தேன். உண்மையா?

பதில்: பாதி உண்மை. 1967ல அமெரிக்க உளவு அமைப்பு சிஐஏ தன்னோட வெளிநாட்டு ஆஃபீஸுங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்புனது நெஜம், கென்னடி கொலைய விசாரிக்க அவருக்கு அடுத்து வந்த ஜனாதிபதி ஜான்சன் போட்ட வாரன் கமிஷன விமர்சிக்கிறவங்களுக்கு எப்படி பதில் சொல்லணும், எந்தப் பத்திரிகைக்காரங்கள வச்சுச் சொல்லணும்னு அதுல இருக்கு. ஆனா அந்த வார்த்தை அதுக்குப் பல வருஷம் முன்னாடியே இங்கிலீஷ்ல புழக்கத்துல இருந்துச்சு. சுற்றறிக்கையே போதுமான அளவுக்கு அசிங்கமா இருக்கு, அதுமேல பொய்ய ஏத்துனா அதக் காட்டியே உங்க வாய அடைச்சிடுவாங்க.

கேள்வி: ஒரே குண்டு கென்னடி கழுத்துல பூந்து, வெளிய வந்து, முன்னால இருந்த கவர்னர் கானலியோட முதுகுல பூந்து, நெஞ்சு வழியா வந்து, மணிக்கட்ட ஒடச்சு, தொடையில போய் நின்னுச்சாம். நடுவுல காத்துல வளஞ்சு திரும்பணும். இத ஒரு குழந்தை நம்புமா?

பதில்: நானும் பல வருஷம் இதையேதான் சொல்லிட்டிருந்தேன், அந்த வளஞ்சு நெளிஞ்ச கோடு போட்ட படத்தப் பாத்துட்டு நண்பர்கள் கிட்ட மணிக்கணக்குல வாதாடியிருக்கேன். அந்தப் படத்துல ஒரு தப்பு இருக்கு. கானலிய கென்னடிக்கு நேர் முன்னால, அதே உயரத்துல உக்கார வச்சு வரஞ்சிருப்பாங்க. நெஜத்துல அந்த லிமோசின்ல கானலி உக்காந்திருந்தது மடக்குற சீட்டு, அது பின் சீட்ட விடத் தாழ்வு, கதவுல இருந்து உள்ள தள்ளியும் இருக்கும். சுடும்போது அவர் வலது பக்கம் திரும்பியும் இருந்தார். இந்த மூணையும் வச்சுப் பாத்தா கோடு கிட்டத்தட்ட நேராவே போகுது. அந்த வாதத்த நான் அன்னிக்கோட விட்டுட்டேன், விட்டதுல எனக்கு வருத்தமும் இல்ல.

ஆனா உங்க சந்தேகம் முட்டாள்தனம்னு சொல்ல வரல. ஏன்னா இந்த ஒரே குண்டுக் கணக்கச் சொன்ன வாரன் கமிஷன்லயே உறுப்பினரா இருந்த செனட்டர் ரிச்சர்ட் ரஸ்ஸலுக்கு அதே சந்தேகம் இருந்துச்சு. 1964 செப்டம்பர் 18, ரிப்போர்ட் வர்றதுக்கு ஆறு நாள் முன்னாடி அவரும் ஜனாதிபதி ஜான்சனும் போன்ல பேசுன டேப் இருக்கு, இந்த ஒரே குண்டு விஷயத்த நான் நம்பலன்னு ரஸ்ஸல் சொல்றார், நானும் நம்பலன்னு ஜான்சன் சொல்றார். கமிஷனப் போட்டதே அந்த ஜான்சன்தான்! குண்டு வாங்குன கானலியும் சாகுற வரைக்கும் என்ன தாக்குனது வேற குண்டுன்னேதான் சொன்னார், அவர் மனைவியும் அதையே சொன்னாங்க. ரஸ்ஸல் தன்னோட மறுப்ப எழுத்துல வைக்கணும்னு கேட்டார், 888 பக்க ரிப்போர்ட்ல அது காணோம், எல்லாரும் ஒத்துக்கிட்ட மாதிரி வார்த்தையக் கோத்து முடிச்சுட்டாங்க. எனக்கு உறுத்துறது குண்டு போன பாதை இல்ல சார், இதுதான்.

கேள்வி: ஆஸ்வால்ட்தான் சுட்டார்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் அரசாங்கம் எதுக்கு மறைக்கணும்? மறைக்கிறாங்கன்னாலே அவங்கதான பண்ணியிருக்கணும்?

பதில்: இந்தக் கேள்விய அனுப்புன தம்பி கல்லூரியில படிக்கிறதா எழுதியிருக்கார். தம்பி, நீங்க கேட்டதுதான் இந்த மொத்த விஷயத்துக்கும் நடு முடிச்சு, அதனால கொஞ்சம் நீளமாச் சொல்றேன், பொறுமையாப் படிங்க.

1963 நவம்பர் 22 வெள்ளிக்கிழமை மத்தியானம் 12:30க்கு டாலஸ்ல கென்னடியச் சுட்டாங்க. ஞாயித்துக்கிழமை போலீஸ் தலைமையகத்தோட அடித்தளத்துல, டிவி கேமரா முன்னாடியே ஜாக் ரூபிங்கறவர் ஆஸ்வால்டச் சுட்டுக் கொன்னார். அதுக்கு மறுநாளே, திங்கக்கிழமை, அரசாங்கத்தோட சட்டத் துறையில பெரிய பதவியில இருந்த காட்சன்பாக் ஒரு குறிப்பு எழுதுறார், ஆஸ்வால்ட்தான் கொலையாளி, கூட்டாளி யாரும் வெளிய இல்லன்னு ஜனங்க திருப்திப்படணும்னு. விசாரணைக் கமிஷன இன்னும் போடக்கூட இல்ல! எஃப்பிஐ தலைவர் ஹூவரும் அதே கவலையத்தான் ஒரு நாள் முன்னாடி போன்ல சொல்லியிருக்கார். சோவியத் கூட அணு ஆயுதப் போர் வந்துடுமோன்னு பயம், ஏன்னா ஆஸ்வால்ட் மூணு வருஷம் போல ரஷ்யாவுல இருந்துட்டு வந்தவர். அந்தப் பயம் எனக்குப் புரியுது. ஆனா விடைய முன்னாடியே எழுதி வச்சுட்டு நடத்துனா அதுக்குப் பேர் விசாரணையா?

இப்ப எஃப்பிஐய எடுத்துக்குங்க. கொலைக்குக் கொஞ்ச நாள் முன்னாடி ஆஸ்வால்ட் டாலஸ்ல எஃப்பிஐ ஆஃபீஸுக்கே நேரா வந்து, என் பொண்டாட்டியத் தொந்தரவு பண்ணாதீங்கன்னு ஹாஸ்டிங்கற ஏஜெண்டுக்கு ஒரு சீட்டு எழுதி வச்சுட்டுப் போயிருக்கார். ஆஸ்வால்ட் செத்த அன்னிக்கு அந்தச் சீட்ட ஹாஸ்டி கிழிச்சு டாய்லெட்டுல போட்டுத் தண்ணி ஊத்திட்டார். மேலதிகாரி சொல்லித்தான் செஞ்சேன்னார் அவர், மேலதிகாரி இல்லவே இல்லன்னார். இது வெளிய வந்தது 1975ல! வாரன் கமிஷனுக்கு இது தெரியவே தெரியாது.

இதே மாதிரி சிஐஏ. கியூபாவோட காஸ்ட்ரோவக் கொல்ல மாஃபியா ஆளுங்களோட சேந்து அவங்க திட்டம் போட்டுட்டு இருந்தாங்க, இதையும் கமிஷனுக்குச் சொல்லல. இதுல கொடுமை என்னன்னா முன்னாள் சிஐஏ தலைவர் ஆலன் டல்லஸ் கமிஷன்ல ஒரு உறுப்பினர், அதுவும் கியூபா மேல படையெடுத்துத் தோத்த பே ஆஃப் பிக்ஸ் விவகாரத்துக்கு அப்புறம் கென்னடி வீட்டுக்கு அனுப்புன ஆள். அவர் வாயத் தொறக்கல. 1970கள்ல செனட்டர் சர்ச் தலைமையில இருந்த செனட் கமிட்டி தோண்டினப்பதான் எல்லாம் வெளிய வந்துச்சு.

1978ல அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸோட கமிட்டி ஒண்ணு மறுபடி விசாரிச்சப்போ, ஃபைல் கேட்டு வர்றவங்களுக்கு உதவ சிஐஏ ஒரு ஆளப் போட்டுச்சு, பேர் ஜோவனீடஸ். 1963ல நியூ ஆர்லியன்ஸ் தெருவுல ஆஸ்வால்ட் கூட கைகலப்பு ஆன கியூபா மாணவர் அமைப்பு ஒண்ணு இருந்துச்சு இல்ல, அதுக்குப் பணம் கொடுத்து நடத்திட்டு இருந்த சிஐஏ அதிகாரியே இந்த ஜோவனீடஸ்தான். யாரக் கூண்டுல ஏத்தி விசாரிக்கணுமோ அவரையே ஃபைல் எடுத்துக் கொடுக்க உக்கார வச்சுட்டாங்க. கமிட்டியோட தலைமை வக்கீல் பிளேக்கி சிஐஏவ நம்புன மனுஷன். பல வருஷம் கழிச்சு இது தெரிஞ்சப்போ, முன்னாடியே தெரிஞ்சிருந்தா அந்த ஆளச் சத்தியம் வாங்கிச் சாட்சிக் கூண்டுல ஏத்தியிருப்பேன்னு கொதிச்சுப் போனார்.

இப்ப உங்க கேள்விக்கு வரேன். எஃப்பிஐ மறச்சது, தன் கண்ணு முன்னாடி வந்து நின்ன ஆள விட்டுட்டோமேங்கற மானக்கேட்ட. சிஐஏ மறச்சது, வேற ஒரு நாட்டுத் தலைவரக் கொல்லப் போட்ட திட்டத்த. ரெண்டுக்கும் கென்னடியக் கொல்ல வேண்டிய அவசியம் இல்ல, மறைக்க வேண்டிய அவசியம் இருந்துச்சு. அதனால மறச்சான்னா கொன்னான்னு என்னால சொல்ல முடியல. அதேசமயம் மறச்சவன மன்னிக்கவும் முடியல, ஏன்னா நாம எதையும் உறுதியாச் சொல்ல முடியாம பண்ணது அவங்கதான்.

கேள்வி: 1979ல அமெரிக்க காங்கிரஸே கென்னடி கொலையில சதி இருந்ததா அறிவிச்சிடுச்சே. அதுக்கப்புறமும் என்ன பேச்சு?

பதில்: அறிவிச்சது நெஜம், "பெரும்பாலும் சதியா இருக்கலாம்"ங்கற அளவுல. ஆனா அது நின்னது ஒரே ஒரு தூண் மேல. போலீஸ் மோட்டார் சைக்கிள் ஒண்ணுல மைக் ஆன்லயே மாட்டிக்கிட்டு, அது வழியா ஸ்டேஷன்ல பதிவான ஒரு ஒலி நாடா. அதுல நாலு வெடிச் சத்தம் இருக்குன்னு நிபுணர்கள் சொன்னாங்க, ஆஸ்வால்ட் மூணுதான் சுட்டார், அப்ப நாலாவது யாருதுன்னு முடிவுக்கு வந்தாங்க. அந்த ரெக்கார்டிங்க ஒரு பத்திரிகை மெல்லிசான பிளாஸ்டிக் இசைத்தட்டா இலவசமாக் கொடுத்துச்சு. ஓஹையோவுல ஒரு டிரம்ஸ் வாசிக்கிறவர் வீட்டுல அதத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கார், தாளத்துக்குப் பழகுன காது இல்லயா, வெடிச் சத்தம்னு சொல்ற அதே எடத்துல பின்னணியில ஷெரிஃப்போட குரல் லேசாக் கேக்குறத அவர் புடிச்சுட்டார். அந்தப் பேச்சு ஷெரிஃப் பேசுனது கொலை நடந்து ஒரு நிமிஷம் போல கழிச்சு. தேசிய அறிவியல் அகாடமி 1982ல ஆராஞ்சு பாத்து அவர் சொன்னது சரின்னு ஒத்துக்கிச்சு. அப்ப அந்தச் சத்தம் துப்பாக்கிச் சத்தமே இல்ல, தூண் போச்சு. அரசாங்கம் உங்களுக்குச் சாதகமாச் சொன்னாலும் அதையும் சோதிச்சுத்தான் ஆகணும்.

கேள்வி: கென்னடி கார் வர்றப்போ நல்ல வெயில்ல ஒருத்தன் கருப்புக் குடையப் பிரிச்சுப் புடிச்சு ஆட்டுறான், அடுத்த நொடி குண்டு பாயுது. அவன்தான சிக்னல் கொடுத்தது? அது விஷ ஊசி குடைன்னும் சொல்றாங்க.

பதில்: படத்துல பாத்தா யாருக்கும் அப்படித்தான் தோணும். காலையில மழை, மத்தியானம் பளிச்சுன்னு வெயில், அவ்வளவு கூட்டத்துல குடை விரிச்சவர் அவர் ஒருத்தர்தான். 1978ல அவரே கமிட்டி முன்னாடி அந்தக் குடையோட வந்து உக்காந்தார். கென்னடியோட அப்பா ஜோசப் கென்னடி லண்டன்ல தூதரா இருந்தப்போ ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்த பிரதமர் சேம்பர்லினுக்கு ஆதரவா நின்னவர், சேம்பர்லின்னா குடை, அந்தக் குடையக் காட்டுனா கென்னடி வீட்டுக்காரங்களுக்கு எரிச்சலா இருக்கும்னு யாரோ சொன்னாங்களாம், அத வச்சுக் கடுப்பேத்தத்தான் எடுத்துட்டுப் போயிருக்கார். தப்பான எடத்துல தப்பான நேரத்துல தப்பான காரியம் பண்ணவங்கன்னு கின்னஸ்ல பட்டியல் போட்டா நான்தான் முதல் ஆளுன்னு அங்க சொன்னார். இவ்வளவு விசித்திரமான காரணத்த யாராலயும் ஜோடிச்சு எழுத முடியாது, அதனாலயே நான் நம்புறேன்.

கேள்வி: ராபர்ட் கென்னடிய சிர்ஹான் சுட்டத அத்தனை பேர் கண்ணால பாத்தாங்க, கையோட புடிச்சாங்க. அதுலயுமா சந்தேகம்?

பதில்: எனக்கு உண்மையாவே முடிச்சு அவிழாத கேஸ் இதுதாங்க, ஜனாதிபதி கென்னடியோட தம்பி ராபர்ட்டோட கொலை. 1968 ஜூன் 5, லாஸ் ஏஞ்சலஸ் அம்பாஸடர் ஓட்டல், நடுராத்திரி தாண்டி கொஞ்ச நேரம். சமையல்கட்டு வழியாப் போறப்போ ராபர்ட் அங்க வேல பாக்குற பையனோட கையக் குலுக்கிட்டு இருக்கார், சிர்ஹான் துப்பாக்கிய எடுத்துச் சுடுறார். பிரேதப் பரிசோதனை பண்ணவர் டாக்டர் நொகூச்சி, அண்ணன் ஜான் கென்னடிய டாலஸ்ல இருந்து எடுத்துட்டுப் போய்ச் சொதப்புன மாதிரி ஆகக் கூடாதுன்னு ரொம்பக் கவனமாப் பண்ணவர். உயிரப் பறிச்ச குண்டு வலது காதுக்குப் பின்னால, கிட்டத்தட்ட ஒரு அங்குல தூரத்துல இருந்து சுட்டதுன்னு வெடிமருந்துக் கறைய வச்சுச் சொன்னார். ஆனா பக்கத்துல நின்ன சாட்சிங்க, சிர்ஹான் முன்பக்கம்தான் நின்னார், அடிக்கணக்குல தள்ளி நின்னார்னாங்க.

கென்னடி திரும்பியிருக்கலாம், கூட்ட நெரிசல்ல யார் எங்க நின்னாங்கன்னு யாருக்கும் சரியா நெனவு இருக்காதுங்கறது ஒரு விளக்கம். அது நடந்திருக்கவும் வாய்ப்பு இருக்கு. 1975ல ஏழு நிபுணர்கள் குண்டுகளப் பரிசோதிச்சு, ரெண்டாவது துப்பாக்கிக்கு ஆதாரம் இல்லன்னாங்க, ஆனா அந்தக் குண்டெல்லாம் சிர்ஹான் துப்பாக்கியில இருந்துதான் வந்துச்சுன்னும் அவங்களால உறுதிப்படுத்த முடியல. சரி, கதவுச் சட்டத்துலயும் கூரைத் தட்டியிலயும் எத்தன துளைன்னு எண்ணிப் பாத்தா தெரிஞ்சிடுமே, அந்தத் துப்பாக்கியில எட்டுக் குண்டுதான் போடலாம்னு கேப்பீங்க. அதையெல்லாம் 1969லயே லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் அழிச்சிடுச்சு. வைக்க எடம் இல்லயாம். அதுக்கு முன்னாடியே 2,400 போட்டோவ எரிச்சாங்க. சிர்ஹானோட அப்பீல் முடியக்கூட இல்ல!

அன்னிக்கு அதே எடத்துல தலையில குண்டு வாங்கிப் பொழச்ச பால் ஷ்ரேடுங்கற தொழிற்சங்கத் தலைவர், 2016ல 91 வயசுல சிர்ஹானோட பரோல் விசாரணைக்கு வந்து, என்னச் சுட்டது நீதான், ஆனா கென்னடியச் சுட்டது நீ இல்லன்னு நேருக்கு நேர் சொன்னார். அவர் சொல்றது சரின்னு நான் சாதிக்கல. தன்னச் சுட்டவன் முன்னாடி நின்னு ஒருத்தர் அப்படிச் சொல்றார்னா அத ஒதுக்கித் தள்ளவும் எனக்கு மனசு வரல.

கேள்வி: போலீஸ் சொன்னது பொய்னு சுடச்சுட அம்பலமான கேஸ் ஏதாவது இருக்கா? எல்லாமே அம்பது வருஷம் கழிச்சுத்தானா?

பதில்: இருக்கு. ஃப்ரெட் ஹாம்ப்டன், சிகாகோ, 1969 டிசம்பர் 4, விடியக்காலம் 4:45. கருப்பின மக்களோட உரிமைக் கட்சியான பிளாக் பாந்தரோட இளம் தலைவர், வயசு 21தான். போலீஸ் உள்ள பூந்து சுட்டதுல அவரும் மார்க் கிளார்க்கும் செத்தாங்க. பக்கத்துல படுத்திருந்த அவரோட வருங்கால மனைவி எட்டு மாசத்துக்கு மேல கர்ப்பம். உள்ள இருந்து சரமாரியாச் சுட்டாங்க, நாங்க திருப்பிச் சுட்டோம்னு அரசு வக்கீல் ஹன்ராஹன் பேட்டி கொடுத்தார். ஒரு பெரிய பத்திரிகை கதவுப் போட்டோவப் பெருசாப் போட்டு, இங்க பாருங்க பாந்தர்கள் சுட்ட துளைன்னு வட்டம் போட்டுக் காமிச்சுச்சு.

போலீஸ் அந்த வீட்டப் பூட்டி சீல் வைக்க மறந்துடுச்சு. பாந்தர்கள் கதவத் தொறந்து விட்டாங்க, ஆயிரக்கணக்கான ஜனங்க வரிசையில நின்னு உள்ள வந்து பாத்தாங்க. போட்டிப் பத்திரிகைக்காரங்களும் வந்து அந்தக் கதவுகிட்டப் போய்ப் பாத்தா, போட்டோவுல குண்டுத் துளைன்னு வட்டம் போட்டதெல்லாம் ஆணித் தலை. கதவுல அடிச்ச சாதாரண ஆணி. அப்புறம் ஃபெடரல் கிராண்ட் ஜூரி எண்ணிப் பாத்துச்சு, போலீஸ் சுட்டது 82ல இருந்து 99 வரைக்கும், உள்ள இருந்து வந்தது ஒண்ணே ஒண்ணு. இன்னும் கொஞ்ச வருஷத்துல ஹாம்ப்டனோட பாதுகாப்பப் பாத்துக்கிட்ட ஓ'நீல் எஃப்பிஐ ஆளுன்னு தெரிஞ்சுது, கட்டில் எங்க கெடக்குதுன்னு சேத்து வீட்டுப் படம் வரஞ்சு கொடுத்தது அவர்தான், அதுக்கு 300 டாலர் போனஸ். 1982ல நகரம், கவுண்டி, மத்திய அரசு மூணும் சேந்து 1.85 மில்லியன் டாலர் கொடுத்துக் கேஸ முடிச்சாங்க. ஜெயிலுக்குப் போனவங்க யாரும் இல்ல.

இத எழுதும்போதே எனக்கு மனசு ஆற மாட்டேங்குது. நிலவுல மனுஷன் எறங்கினதுல சந்தேகப்படுறவங்க இந்தக் கதவ ஒரு தடவை நெனச்சுப் பாருங்க, சந்தேகத்த எங்க செலவழிக்கணும்னு புரியும்.

கேள்வி: லிங்கன் கொலையில அவரோட அமைச்சரே பின்னால இருந்தாராமே?

பதில்: போர் அமைச்சர் ஸ்டான்டனச் சொல்றீங்க. அதுக்கு உருப்படியான ஆதாரம் எதுவும் இல்ல. லிங்கன் கொலையில சதி நடந்ததுங்கறதே அரசாங்கத்தோட அதிகாரபூர்வமான கதைதான், லிங்கனச் சுட்ட பூத்தோட சேத்துப் பல பேர், அதுல எட்டுப் பேர ராணுவக் கோர்ட்டு விசாரிச்சு நாலு பேர 1865 ஜூலை 7ல தூக்குல போட்டாங்க. அதுல மேரி சரட்ங்கற அம்மாவுக்கு எவ்வளவு பங்கு இருந்துச்சுங்கறதுதான் இன்னிக்கும் சரித்திரக்காரங்க சண்ட போடுற விஷயம்.

கேள்வி: மார்ட்டின் லூதர் கிங்கோட குடும்பமே ஜேம்ஸ் எர்ல் ரே சுடலன்னு சொன்னாங்களே. குடும்பத்தவிட நமக்கு அதிகமாத் தெரியுமா?

பதில்: கேக்கவே கஷ்டமான கேள்வி. 1968 ஏப்ரல் 4, மெம்ஃபிஸ், துப்புரவுத் தொழிலாளர் போராட்டத்துக்காக வந்து லொரெய்ன் மோட்டல்ல தங்கியிருந்தார், சாயங்காலம் ஆறு மணிக்கு பால்கனியில சுட்டாங்க. ரே லண்டன் ஏர்போர்ட்டுல புடிபட்டார், 1969 மார்ச்ல குற்றத்த ஒத்துக்கிட்டு 99 வருஷ தண்டன வாங்கினார், மூணே நாள்ல இல்லன்னு மாத்திச் சொன்னார். ஒத்துக்கிட்டதால முழு விசாரணையே நடக்கல, அங்கதான் புண்ணு ஆறாம நின்னு போச்சு. கிங்கோட மகன் 1997ல ஜெயிலுக்கே போய் ரேயப் பாத்து, எங்க அப்பாவ நீங்க கொன்னீங்களான்னு கேட்டார், இல்லன்னார், நம்புறேன்னு கையக் குடுத்தார். 1999ல குடும்பம் போட்ட சிவில் கேஸ்ல மெம்ஃபிஸ் ஜூரி சதிதான்னு தீர்ப்பு சொன்னாங்க, குடும்பம் கேட்டு வாங்குன நஷ்டஈடு வெறும் 100 டாலர், பணத்துக்காக இல்லன்னு காட்ட.

ஆனா அந்தக் கேஸ்ல எதிர்த்தரப்பு பெருசா எதிர்த்து வாதாடவே இல்ல, மறுவருஷம் அரசாங்கத்தோட சட்டத் துறை விசாரிச்சு அந்தச் சாட்சிங்க மாத்தி மாத்திப் பேசுனதக் காமிச்சாங்க. சம்பவ எடத்துல வீசிட்டுப் போன மூட்டையில ரேயோட கைரேக பட்ட துப்பாக்கி, அவரோட ஜெயில் நம்பர் கீறின ஒரு சின்ன ரேடியோ, இதெல்லாம் என்னால தாண்டிப் போக முடியல. ரே சுட்டார், பின்னால பணம் தர்றேன்னு சொன்ன ஆளுங்க இருந்திருக்கலாம், இதுதான் 1979 கமிட்டி சொன்னது, எனக்கும் அதுவே நியாயமாப் படுது.

அதே நேரம் அந்தக் குடும்பம் ஏன் நம்பலன்னு நெனச்சுப் பாருங்க. 1964ல எஃப்பிஐ கிங்குக்குப் பேர் போடாத ஒரு லெட்டர் அனுப்புச்சு, ஓட்டல் ரூம்ல ஒட்டுக்கேட்ட டேப்போட, உனக்கு ஒரே வழிதான் இருக்குன்னு, தற்கொலை பண்ணிக்கோங்கற அர்த்தத்துல. பிரிச்சுப் பாத்தது அவர் மனைவி கொரட்டா. அந்த வீட்டுல வளந்த பிள்ளைங்க கிட்டப் போய் எஃப்பிஐ விசாரிச்சுட்டோம் நம்புங்கன்னு சொன்னா எப்படி நம்புவாங்க?

கேள்வி: 2025ல எல்லா ஃபைலும் வெளிய விட்டாச்சு. இனிமேலாவது இந்தச் சந்தேகம் எல்லாம் முடியுமா?

பதில்: வந்ததுல நல்ல விஷயம் இருக்கு, கருப்பு மையால அடிச்சிருந்த வரிங்க தெளிவாச்சு, நான் மேல சொன்ன ஜோவனீடஸ் பத்தின பேப்பரும் வந்துச்சு. ஆனா வெளிய விடணும்னா இருக்கணுமே. ஹாஸ்டி டாய்லெட்டுல போட்டது வராது. லாஸ் ஏஞ்சலஸ்ல எரிச்ச போட்டோ வராது. கென்னடிக்குப் பிரேதப் பரிசோதனை பண்ண டாக்டர் ஹியூம்ஸ், ரத்தக்கறை பட்ட குறிப்புத் தாள வீட்டுக்கு எடுத்துட்டுப் போய், சுத்தமா ஒரு பிரதி எழுதிட்டு, மூலத்த கணப்படுப்புல போட்டு எரிச்சுட்டார். ஏன்னு கேட்டதுக்கு, ஒரு மியூசியத்துல லிங்கன் உக்காந்திருந்த நாற்காலியோட கறையக் காட்டி இது ஜனாதிபதியோட ரத்தம்னு சுத்திக் காமிச்சதப் பாத்தேன், எனக்கு அருவருப்பா இருந்துச்சு, கென்னடி ரத்தமும் அப்படிக் காட்சிப் பொருளா ஆகிடக் கூடாதுன்னு நெனச்சேன்னார். நான் அவர நம்புறேன், ஒரு மனுஷன் மரியாதையில செஞ்ச காரியம்தான் அது. ஆனா அன்னிக்கு ராத்திரி அந்த அறையில நின்னு கையால எழுதுன முதல் வரிங்க அதோட போச்சு, அறுபது வருஷச் சந்தேகத்துல பாதி அந்த நெருப்புல இருந்துதான் வந்துச்சு.

கிங் பத்தின ஃபைல் 2025 ஜூலையில 2,30,000 பக்கத்துக்கு மேல வந்துச்சு. அப்பாவப் பத்தி வேவு பாத்து எழுதுனதும் அதுல கலந்திருக்கும், பரிவோட படிங்கன்னு அவரோட பிள்ளைங்க கேட்டுக்கிட்டாங்க. எஃப்பிஐ ஒட்டுக்கேட்ட டேப்புங்க 1977ல ஒரு கோர்ட் போட்ட உத்தரவால தேசிய ஆவணக் காப்பகத்துல சீல் வச்சுக் கெடக்கு, கெடு 2027 வரைக்கும். அது தொறந்தா ஆளாளுக்கு அவரோட படுக்கையறையப் பத்தித்தான் எழுதுவாங்க, எனக்கு அது வேணாம். அந்த டேப்ப யார் வெட்டி ஒட்டுனாங்க, எந்த அதிகாரி கையெழுத்துப் போட்டு அந்த லெட்டர் கொரட்டா கைக்குப் போற வரைக்கும் அனுப்பி வச்சான், அந்தப் பேப்பர் வருமான்னு பாத்துட்டு இருக்கேன். வந்தா இதே பக்கத்துல எழுதுறேன்.